ஐந்தாவது தூண்

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் மெல்பேர்ண் நகர நடுவில் கட்டிய நாலு மாடி டிபார்ட்மென்ட் ஸ்டோர் அது. கடை மூடிக் கனகாலம். அதை அலுவலகமாக மாற்றும் வேலையில் எஞ்சினியராக இருந்தேன். கீழ்த்தளத்தில் பச்சை ஓடு பதித்த ஐந்து தூண்கள், கல்யாண வீட்டில் வரவேற்க நிற்பவர்கள் போல வரிசையாக நின்றன. புதிய படிக்கட்டின் பாரத்தை ஐந்தாவது தூணில் ஏற்றி வரைந்திருந்தேன். அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய வரைபடம் கையில் இருக்கும்போது தட்டுவானேன் என்ற திமிர்.

இடிக்கும் வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் நம்மவர், இலங்கைத் தமிழர். படகில் வந்து, வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் இருப்பவர் என்று பிறகு அறிந்தேன். காலையில் நான் அம்மாவுடன் போனில் தமிழில் கதைத்ததை அவர் கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளருக்கும் கட்டடச் சொந்தக்காரருக்கும் நான் படிக்கட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

“அண்ணை, இந்தக் கடைசித் தூண் வெறும் கோது, உள்ளுக்க ஒண்டுமில்லை. தட்டிப் பாத்தனான். இதில பாரம் ஏத்தாதேங்கோ.”

அத்தனை வெள்ளைக்காரர் முன்னால், உடம்பெல்லாம் தூசியோடு ஒருவர் என்னை ‘அண்ணை’ என்றது எனக்குக் கூசியது. அவர் சொன்ன விஷயம் காதில் ஏறவேயில்லை. என்ன சொல்கிறார் என்று மேற்பார்வையாளர் கேட்டார். இவருடைய மொழி எனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். விளக்கிச் சொல்ல ஆங்கிலம் போதாமல், உளியால் ஓடொன்றைப் பெயர்த்துக் காட்டினார். அது உடைந்து விழுந்தது. அந்த ஓடுகள் அரசு பாதுகாப்பில் உள்ளவை, யாரும் தொடக்கூடாது. மேற்பார்வையாளர் அந்த இடத்திலேயே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்.

உடைந்த இடத்தால் எட்டிப் பார்த்தேன். இரும்பும் இல்லை, கொங்கிறீற்றும் இல்லை. மரச்சட்டமும் ஒரு மழைத்தண்ணீர்க் குழாயும்தான். வரிசை குறைவாகத் தெரியக்கூடாதென்று அந்தக் காலத்தில் சோடித்து வைத்த பொய்த் தூண். என் படிக்கட்டு ஆட்களோடு சரிந்திருக்கும். “என்னை எச்சரிக்கத்தான் உடைத்தார்” என்ற ஒரு வசனம் அவர் வேலையைக் காப்பாற்றியிருக்கும். சொன்னால் என் பொய் வெளிப்படும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். திருத்திய வரைபடத்துக்குப் பாராட்டும் வாங்கினேன், வெட்கங்கெட்டவன்.

போன மாதம் மெல்பேர்ண் புறநகரான டண்டினொங்கில் ஒரு தமிழ்க் கடையில் அவரைக் கண்டேன். பக்கத்தில் மனைவி. ஒளிய இடமில்லை. “ஹலோ சேர்” என்று சிரித்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

“நான் முந்தி வேலை செய்த இடத்து எஞ்சினியர். இவருக்குத் தமிழ் தெரியாது.”

குத்திக்காட்டினாரா, மனைவி முன்னால் என் மானத்தைக் காப்பாற்றினாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தமிழில் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி என் கையிலிருந்த பனங்கிழங்கு ஒடியல் மாப் பைக்கற்றைக் கண்டுவிட்டார். முகம் மலர்ந்து, தெரிந்த ஆங்கிலத்தைப் பொறுக்கிப் பொறுக்கி, கூழ் காய்ச்சும் விதத்தை எனக்குச் சொல்லித் தந்தார். மாவை முதலில் ஊறவிட வேண்டும், மீனைக் கடைசியில் போடக்கூடாது.

கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரியலி?” என்று கேட்டேன்.