டெய்லரை மறக்க வேண்டாம்

ஜீப்புக்குப் பின்னால் எதையாவது மாட்டாமல் என் அப்பாவால் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. காலியாகப் போகிற வண்டி அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் திரும்பி வரும்போது பின்னால் ஒன்று ஆடிக்கொண்டு வரும். அதில் செங்கல் இருக்கும், கரும்புக் கரணை இருக்கும், ஒருமுறை யாரோ வேண்டாமென்று கழற்றிப் போட்ட கதவு இருந்தது, அந்தக் கதவுக்கு ஏற்ற வாசல் எங்கள் வீட்டில் கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. டிராக்டருக்கென்று செய்த இரும்பு டிரெய்லர் அது. டிராக்டர் கைவிட்டுப் போன பிறகும் அது மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. சங்கராபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஜீப்பின் பின்னால் கொக்கி வைத்து, குடும்பம் ஏறுகிற வண்டியை அப்பா இழுவை மாடாக்கிவிட்டார். இப்போது பளபளவென்று எஸ்யூவிகள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றின் பின்பக்கத்தைத்தான் என் கண் தேடுகிறது. கொக்கி இல்லையென்றால் ஒரு நிம்மதி.

எங்கள் பக்கத்தில் அதை டிரெய்லர் என்று யாரும் சொல்வதில்லை. டெய்லர். துணி தைக்கிறவரும் டெய்லர். நாக்கின் இந்தச் சோம்பலால்தான் அந்த வாரம் எங்கள் வீட்டில் ரகளை.

அத்தையைப் பெண் பார்க்க வரும் வாரம் அது. அப்பாவின் ஒரே தங்கை. கல்வராயன் மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலைக்கிராமங்களுக்கு நடந்தே போய், ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, மாதத்துக்கு ஒருமுறை மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போவாள். அதற்குமுன் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இரண்டு தடவையும் பஸ் வரவில்லை என்று அத்தை வரவில்லை. இந்தத் தடவை அப்பா உஷார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று இந்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். "அதுக்கென்னங்க, வுட்டுடலாம்" என்று அப்பா அவர்கள் வீட்டுக்கே போய்க் காபி குடித்துக்கொண்டே சம்மதித்துவிட்டு வந்தார். நானே போய் ஜீப்பில் அழைத்து வருகிறேன் என்று மலைக்குத் தகவல் கொடுத்தார். பதில் பஸ் கண்டக்டர் வழியாக வந்தது.

"நர்ஸம்மா வர்றேன்னாங்க. டெய்லரை மட்டும் மறக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

அம்மா பூரித்துப்போனாள். பெண்ணுக்கே ஆசை வந்துவிட்டது, ரவிக்கையைப் பிடித்துத் தைக்க ஆள் கேட்கிறாள் என்று ஓடிப்போய், ஞாயிறு விடியற்காலை மலைக்கு வந்துபோக ஒரு தையல்காரரை ஏற்பாடு செய்துவிட்டாள். அவரும் கழுத்தில் டேப்போடு வந்து வாசலில் நின்றார். அப்பா அப்போது ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு கொக்கியில் பூட்டாணி மாட்டிக்கொண்டிருந்தார்.

"மலைமாட்டு எரு சும்மா கெடக்குதாம். அள்ளிக்கினு வந்தா கரும்புக்கு ஆவும்னு போன மாசமே பாப்பா சொல்லிச்சு. அதுக்குத்தான் டெய்லரு" என்றார். தங்கையை அவர் பாப்பா என்றுதான் சொல்வார்.

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கி எருவா?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா மனுசங்க நீங்க?"

"போற வண்டி சும்மாவா வரும்?"

தையல்காரர் ஜீப்பைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார். "அப்ப நான் எதுலங்க உக்கார்றது?" என்று கேட்டார்.

அவருக்குப் பதிலாக நான் ஏறினேன். அம்மா என் மடியில் பட்டுப்புடவைப் பையை வைத்து, அங்கேயே கட்டவைத்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொன்னாள். அப்பா என் காலடியில் ஒரு புளியங்கட்டையை வைத்தார். மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடி அதை டிரெய்லர் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க வேண்டும். அஞ்சாவது படிக்கிற பெண்ணுக்கு மடியில் பட்டு, காலடியில் கட்டை. என் ஆயுளுக்கும் அப்படித்தான் அமைந்தது என்று வையுங்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையின் தண்ணீர் வெள்ளைத்தகடாய்க் கண்ணில் குத்த, மலையேறினோம். முந்தின இரவு மேலே மழை. காடு முழுக்க ஈரம், ஒவ்வொரு வளைவிலும் ஒரு மேகம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. எதையும் ரசிக்க முடியவில்லை, வளைவுக்கு வளைவு கட்டையோடு குதித்தேன்.

அத்தை தயாராக இருந்தாள், ஆனால் எரு தயாராக இல்லை. மழையில் ஊறி, களிமண் மாதிரி கனத்து, பட்டியில் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. அள்ள வந்த ஆட்களிடம் அத்தை, "பின்னாடி பக்கமே கொட்டுங்க, முன்னாடி கொட்டுனா ஜீப்பெல்லாம் நாறும்" என்றாள். நியாயமான பேச்சுதான். பின்பாரம் ஏறஏற, டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி, அதோடு கொக்கி எழும்பி, ஜீப்பின் பின்சக்கரம் தரையை மறக்கத் தொடங்கியபோதுதான் அப்பா அலறினார். மறுபடி எல்லாவற்றையும் முன்பக்கம் தள்ளினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான் பட்டுப்புடவையோடு அத்தை பின்னாலேயே நடந்தேன். "எருவோட போறதுக்குப் பட்டா? நாறிடும் புள்ள, வூட்ல கட்டிக்கலாம்" என்றாள். அதுவும் நியாயம்தான். அன்றைக்கு அத்தை சொன்ன எதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

இறக்கத்தில் ஜீப் டிரெய்லரை இழுக்கவில்லை. டிரெய்லர்தான் ஜீப்பை நெட்டித் தள்ளியது. முதல் கியரில் இன்ஜின் முனகியது, பிரேக் தேய்ந்து கருகல் வாடை அடித்தது, வளைவில் திரும்பினால் பின்னாலிருந்து அந்த ஈரக் கனம் எங்களை ஓரத்துக்கு ஒதுக்கப் பார்த்தது. அப்பா கொஞ்சம் வேகம் எடுத்தால் அத்தை, "மெதுவா அண்ணா, டெய்லரு தள்ளுது" என்பாள். நிறுத்துவார். நான் குதிப்பேன். பிரேக் ஆறும். அத்தை பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து காட்டைப் பார்ப்பாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏரோப்பிளேன் மாதிரி கிளம்ப வேண்டிய நாளில், இந்த மனுஷியின் பயத்துக்காக ஆமை மாதிரி இறங்குகிறோமே! கேசரி ஆறும், பஜ்ஜி நமுக்கும், வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். எனக்கு அத்தையின் கல்யாணம் வேண்டும். கல்யாணமென்றால் எனக்கொரு புதுப்பாவாடை. அதற்குமேல் அதில் எனக்கு வேறெதுவும் தெரியாது.

ஒரு வளைவில் கீழேயிருந்து பஸ் வந்து எதிரே நின்றது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. நாங்கள் பின்னுக்குப் போக வேண்டும்.

அப்பா முன்னால் போவதில் சூரர். பின்னால் வருவது அவர் சுபாவத்திலேயே கிடையாது. அதிலும் டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னுக்கு எடுப்பது பிடிவாதக்காரப் பிள்ளையைச் சமாளிப்பது போல. வலப்பக்கம் போகச் சொன்னால் அது இடப்பக்கம் போகும். அத்தை இறங்கிப் பின்னால் நின்று, "வா, வா, வலது பக்கம் ஒடி, இன்னும் ஒடி, நல்லா ஒடி" என்று கையாட்டினாள். அப்பா ஒடித்தார். டிரெய்லர் மடக்குக்கத்தி மாதிரி மடங்கி மலைச்சரிவில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"அய்ய, எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்" என்றாள் அத்தை.

பஸ்ஸில் இருந்தவர்கள் மொத்தமும் இறங்கினார்கள். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு பக்கம். "ஒடிங்க", "ஒடிக்காதீங்க", "கம்முனு இருங்க, டிரைவர் பாத்துப்பாரு" என்று ஒரே சந்தை. அந்த இரைச்சலில் வயிறு தள்ளிய ஒரு பெண் மட்டும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

"கல்யாணம் ஆயிட்டா மேல வரமாட்டீங்களாமே நர்ஸம்மா? எனக்கு அடுத்த மாசம். யாரு பாப்பாங்க?"

அத்தை அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். "நான் எங்க போறேன்? எருவ எறக்கிட்டு வந்துடுவேன்."

எனக்கு அத்தைமேல் அதற்கும் கோபம் வந்தது. பயந்து நிற்கிற பெண்ணிடம் இப்படியா பொய் சொல்வாள்?

கடைசியில் பஸ் டிரைவர், "எறங்குங்க சாமி" என்று அப்பாவை இறக்கிவிட்டுத் தானே ஏறி எடுத்துக் கொடுத்தார். சமவெளிக்கு வந்ததும் அப்பா அந்த அவமானத்தை ஆக்சிலேட்டரில் காட்டினார். டிரெய்லர் மீன்வால் மாதிரி இப்படியும் அப்படியும் அடித்தது. எரு சாலையெல்லாம் சிந்தி, பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் எங்கள் குடும்பத்தையே சபித்தார்கள். "மெதுவா அண்ணா" என்றாள் அத்தை. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் தெரு ஒற்றைத் தெரு. கடைசியில் வாய்க்கால், அதற்கப்பால் நெல்வயல். வண்டி உள்ளே வந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நாங்கள் தெருவுக்குள் திரும்பியபோது ராகுகாலம் பிறந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஜீப்பும் அதுவும் மூக்கோடு மூக்கு நின்றன. பின்னால் எங்கள் எரு, தெரு வாயை அடைத்துக்கொண்டு.

வேனின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு ஜன்னல் மட்டும் பாதி திறந்து, மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் முந்தானைக்குள்ளிருந்து வந்தது. "பொண்ணு எருவு வண்டியிலயா வருது?"

அப்பா இறங்கினார். அவர் முகத்தில் கோபம் போய், ஒரு வெளிச்சம் வருவதைப் பார்த்தேன். தெரு அடைத்துக்கொண்டது அவருக்கு வரமாகிவிட்டது. "எடுக்க முடியாதுங்க. ரிவர்ஸு வராது இது. ஆறு மணி வரைக்கும் ராகுகாலம்தானே, எறங்கி உக்காருங்க. அதுக்கு மேல நல்ல நேரம். பொண்ணும் வந்துடுச்சு பாருங்க."

மாப்பிள்ளையின் அப்பா யோசித்தார். எங்கள் அம்மா ஓடிவந்து, "காபி போடறேங்க, ஒரு நிமிசங்க" என்றாள். வேனின் கதவு திறந்து, ஒரு செருப்புக்கால் வெளியே வந்து தரையைத் தேடியது.

அப்போது அத்தை இறங்கினாள். கசங்கின பருத்திப்புடவையை இடுப்பில் செருகினாள். நேரே டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அண்ணா, ஏறு. ரிவர்ஸு போடு."

"அதான் வராதுன்னு..."

"ஏறுண்ணா."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் பயன்படுத்துகிற குரலாக இருக்க வேண்டும். அப்பா ஏறிவிட்டார்.

"ஸ்டியரிங்க இடது பக்கம் ஒடி. கொஞ்சம்தான். போதும், நில்லு. இப்ப நேராக்கு. டெய்லரு பின்னாடியே ஜீப்ப வுடு. வுடு, வுடு. இப்ப வலது பக்கம், துளி. அவ்ளோதான். வா." ஒரு தூணிலும் உரசாமல், ஒரு சாக்கடைக் கல்லையும் மிதிக்காமல், அத்தனை பெரிய எருக்குவியல் பின்னுக்கு நகர்ந்து, சாணி பூசின தேர் மாதிரி மெல்ல மெயின்ரோட்டுக்குப் போய் ஒதுங்கி நின்றது. தெரு திறந்தது. செருப்புக்கால் உள்ளே போயிற்று. வேன் எங்களைத் தாண்டிப் போனபோது அத்தை ஓரமாக ஒதுங்கி, மரியாதையாகக் கைகூப்பினாள்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்து, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் டிரெய்லரைத் திட்டினாள். பிறகு தையல்காரரைத் திட்டினாள். ஆறிப்போன கேசரியை நாங்கள்தான் தின்றோம். அத்தைக்கு நல்ல பசி. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

நான்தான் தட்டைத் தள்ளி வைத்தேன். பாவாடை போன துக்கம் ஒரு பக்கம், கட்டை தூக்கின கை வலி ஒரு பக்கம். அவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் அந்த வளைவில் ஏன் எங்களை அப்படி அவமானப்படவிட்டாள் என்று ஆத்திரமாக வந்தது.

"மலைமேலயே இந்த மாதிரி சொல்லியிருந்தா நேரத்துக்கு வந்திருக்கலாம்ல அத்தே?"

அத்தை விரலில் ஒட்டின நெய்யை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அப்ப போவ வேண்டிய பக்கம் வேற, புள்ள" என்றாள்.

மேடு பள்ளத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மலையில் ஒரு பக்கமும் சமவெளியில் இன்னொரு பக்கமும் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், அதுதான் டெய்லரின் சூட்சுமம் என்று வெகுநாள் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.