கேழ்வரகு தின்ற கார்

மகளுக்கு இரைப்பு வந்தால் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கினேன். என் மச்சான் கண்ணுக்கு அது கதிரடிக்கும் இயந்திரமாகத் தெரிந்தது. உத்திரமேரூர்ப் பக்கம் கதிரை ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களில் தானியம் உதிரக் காத்திருப்பார்கள். அவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு ஞாயிறு முழுக்க அவனுடைய கேழ்வரகின் மேல் என்னைச் சுற்றிச் சுற்றி ஓட்டவைத்தான்.

அதன்பிறகு கார் கரும்புகை கக்கியது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். மை தீட்டியதுபோல் கரி. "பெட்ரோல் ஜாஸ்தியா குடிக்குது சார்" என்று, பெட்ரோல் வரத்தைக் குறைக்கக் கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகினார். கொஞ்ச நாள் ஓடியது.

மகளுக்கு இரைப்பு வந்த அன்று, காவாந்தண்டலம் அருகே கார் குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்பப் பெட்ரோல் வாடைதான் வந்தது. பின்சீட்டில் அவள் நெஞ்சு விசிலடித்தது. ஒரு பஸ் வந்ததால் பிழைத்தோம்.

ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு சீரானதும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, வண்டி எப்பத்திலேர்ந்து பொகையுது?"

"உன் தம்பி கேவுரு அடிச்சதிலேர்ந்து."

"அந்தத் தூசெல்லாம் எங்க போயிருக்கும்? அத இன்னும் யாரும் பாக்கலியே."

மறுநாள் மெக்கானிக் ஏர் ஃபில்டரைத் திறந்தார். உமியும் சருகும் மெத்தையாக அப்பியிருந்தன. காற்று நுழைய வழியில்லாமல், இஞ்சின் பெட்ரோலாகவே விழுங்கியிருக்கிறது.

"கூழு காச்சற அளவுக்குக் கீது சார்" என்றார்.

புது ஃபில்டர் போட்டு, ஸ்குருவைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் புகை நின்றது. எட்டிப் பார்த்த மகள், "அதுக்கும் வீசிங்காப்பா?" என்றாள்.

அடுத்த அறுவடைக்கு மச்சான் வந்து நின்றபோது மனைவியே முந்திக்கொண்டாள். "வாடா நைனா. மாமா ஓட்டுவாரு. நீ அந்தப் பொகை பைப்புல மூக்க வச்சிக்கினு பின்னாடியே நடந்து வா."

அவன் கதிர் மிதிக்க மாடு தேடிப் போனான்.

இப்போது மகள் சென்னையில் கார் ஓட்டுகிறாள். போனில் நான் ஃபில்டரைப் பற்றி விசாரித்தால், "நீயே கேட்டுக்கோ" என்று போனை இஞ்சின் அருகே பிடிப்பாள். நடுவில் வேண்டுமென்றே மூச்சை இழுத்து இரைத்துக் காட்டுவாள். நான் பதறிக் கத்துவேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிப்பு முடியும்வரை போனை வைக்கமாட்டேன். அதில் எங்காவது விசில் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருப்பேன்.