பதினான்காவது புள்ளி

இன்று திருத்த முப்பது வேதியியல் விடைத்தாள்கள். இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு ஒரு எலக்ட்ரான் கூடுதலாகச் சேர்ந்த அயனிக்கு, வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கு ஒன்றாக, பதின்மூன்று புள்ளிகள். ஒன்று தனியாகத்தான் நிற்கும். பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. பதினான்காவது புள்ளி வைத்து ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். அதைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கை ஓய்ந்துவிட்டது.

எங்கள் ஊர் தியாகதுருகத்தில் கரும்பு வெட்ட மேஸ்திரி ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார். ஒருவர் வெட்ட, ஒருவர் கட்ட. அப்பா இறந்த வருஷம் அம்மா பதின்மூன்றாவது ஆளாக நின்றாள்.

"ஒத்த ஆளு வேணாம், வூட்டுக்குப் போம்மா" என்றார்.

"இன்னா மேஸ்திரி இப்படி சொல்றீங்க? எம்பொண்ணு கட்டுவா."

பதினான்காவது ஆளாக நான் இறங்கினேன்; அந்த வருஷம் என் நான்காம் வகுப்பு பாதியில் நின்றது. கரும்புத் தோகை கிழித்த விரலால் சோறு பிசைய முடியாது, அம்மாதான் ஊட்டுவாள்.

அடுத்த தாளிலும் பதினான்கு. கடைசிப் புள்ளியைச் சுழித்தேன். அது அங்கே இருந்திருக்கவே கூடாது.