தண்ணீருக்கு மேலே ஆவாரம்பூ

புதுவெள்ளத்துக்கு என்று ஒரு வாடை உண்டு. பச்சை மண்ணும் அழுகிய புல்லும் கலந்து மூக்கில் ஏறும் அந்த வாடை வந்துவிட்டால், அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவாள். வில்லியனூரில் ஆற்றோரம்தான் எங்கள் வீடு. மேப்பில் சங்கராபரணி என்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு அது ‘செஞ்சியாறு’. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு, ஐப்பசி மழை வலுத்தால் ஒரே ராத்திரியில் கரை எது கழனி எது என்று தெரியாமல் விரிந்துவிடும்.

அப்படியொரு மழைக்காலத்தில், நான் நாலாவது படிக்கும்போது, எங்கள் சினைப்பசுவைக் காணோம். விடிந்து பார்த்தால் கட்டியிருந்த முளை மட்டும் நிற்கிறது. அப்பா வேலை பார்த்த துணி மில்லை அந்த வருஷம்தான் மூடியிருந்தார்கள். அந்த மாடு கன்று போட்டுப் பால் கறந்தால்தான் வீட்டில் உலை வைக்கலாம். ஆளுக்கொரு பக்கமாக ஓடித் தேடினோம். கடைசியில் அம்மாதான் கண்டுபிடித்தாள்: “தோ, பனமேட்டுல நிக்குது பாரு!” யாரும் ஓட்டாமல் அந்த வாயில்லாத ஜீவன் மேட்டைத் தேடிப் போய் நின்றிருக்கிறது!

எங்களுக்கும் மேட்டுக்கும் நடுவே பழுப்புத் தண்ணீர். அதில் சாண் உயரத்துக்குப் பச்சை நுனிகள், கத்தரித்துவிட்டது போல ஒரே மட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. மில் தறியில் ஒரே மட்டமாக இழுத்துக் கட்டிய பாவு நூலைப் பார்த்தே பழகிய கண் அப்பாவுக்கு. “எல்லாம் ஒரே மட்டமாத்தான இருக்குது, கோரைதான், முட்டியளவுதான் வரும்” என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக இறங்கிவிட்டார்.

“யோவ், நில்லுயா! அது கோரை இல்ல, நாணலு! ஓடைக்குள்ள போற!”

தினமும் அங்கே புல்லறுக்கப் போகிறவள் அம்மா. கோரை முழங்கால் உயரம்தான். நாணலோ ஓடையின் விளிம்பில் இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்வது. நுனி மட்டும் ஒன்றாகத் தெரிகிறது என்றால், அடியில் ஒரு பக்கம் முட்டியளவு, இன்னொரு பக்கம் ஆளை விழுங்கும் ஆழம். அப்பா அதற்குள் மார்பளவுக்குப் போய்விட்டார். அம்மா பாய்ந்து போய்த் துண்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்து எழுந்தார்கள். நான் கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன்.

“பூவப் பாத்து வாயா” என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

அப்போதுதான் நானும் பார்த்தேன். வெள்ளத்தின் மேலே மஞ்சள் மஞ்சளாக ஆவாரம்பூ, வளைந்து வளைந்து பனைமேடு வரைக்கும் போனது. ஈரத்தில் நிற்கப் பிடிக்காத செடி அது. வண்டல் பள்ளத்தை விட்டு மணல் திட்டாகப் பார்த்துத்தான் வேர் விடும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த வரப்பு மேடு முழுவதையும் அந்தப் பூக்கள் எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றன. அம்மாடியோவ்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த வழியே இருவரும் தொடையளவுத் தண்ணீரில் நடந்து போய் மாட்டைப் பிடித்து வந்தார்கள். இத்தனை நாள் நான் சும்மா காடு என்று நினைத்திருந்த இடத்தில், எந்தச் செடி எங்கே நிற்கவேண்டுமோ அங்கேதான் நின்றிருக்கிறது.

இப்போது நான் ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கிறேன். போன கோடையில் மனை பார்க்க என்று தம்பி அழைத்துப் போன இடம் அதே ஆற்றோரம்! பனையைக் காணோம், ஒரு கோரைத் தாள்கூட இல்லை. செம்மண் கொட்டி, நிரவி, வரிசையாக வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். “நல்ல மேட்டு மனைக்கா, வெள்ளமெல்லாம் எட்டிக்கூடப் பாக்காது” என்றார் விற்கிறவர். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்பாவை விழுங்கப் பார்த்த அந்த ஓடை எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து மனையில் ஒரு சின்னப்பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “தொட்டிலை இங்க கட்டலாம்” என்று புருஷனுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.