சுண்ணாம்பு படாத குடல்

நாய்க்குப் பச்சைக் குடல் பார்த்து வாங்குவதில் கோயமுத்தூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று தொண்ணூறுகளில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கும் சொல்வேன். பெருமைதான். பட்டுத் தெரிந்துகொண்டதில் பெருமைப்படாமல் வேறு எதில் படுவதாம்?

அப்போது துடியலூரில் குடியிருந்தோம். எங்கள் அல்சேஷன் பெட்டைக்கு முதல் ஈற்று, ஒன்பது குட்டிகள். மூன்றாம் நாள் அவள் தீனியை நிறுத்திவிட்டாள். பால்சோறு, முட்டை, ராகிக்களி, எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவர் வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, எப்படியாவது தின்ன வையுங்கள், இல்லாவிட்டால் குட்டிகள் தங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மடியில் பால் வற்றத் தொடங்கியிருந்தது. குட்டிகள் ஓயாமல் முனகின. அவளைக் குட்டியாக எங்களுக்குக் கொடுத்த காரமடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பச்சைக் கொடலு குடுத்துப் பாருங்க. மாட்டுக் கொடலுன்னா நல்லது. கழுவக் கூடாதுங்க, உள்ள இருக்கற தழைச்சாறு அப்படியே இருக்கோணும். அன்னைக்குக் காலையில அறுத்ததா இருக்கோணும்" என்றார்.

சொல்ல எளிது. அது புரட்டாசி மாதம். பாதி ஊர் கறியை விட்டிருந்தது. மாட்டுக்கறி எங்கள் பக்கம் கிடையாது, ஆட்டுக்குடலாவது கிடைக்குமா என்று பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். வியாபாரம் இல்லாததால் ஒரு ஆட்டையே இரண்டு நாளைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குடலை எடுத்து மோந்து பார்த்தால் முந்தாநாள் வாடை. சாண வாடைக்கும் கெட்ட வாடைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்தக் கடைகளில்தான் பிடிபட்டது. சாணம் மணந்தால் வாங்கலாம். மூக்கைத் துளைத்தால் கடைக்காரர் சத்தியமே செய்தாலும் வாங்கக் கூடாது. கடைசியில் மொபெட்டை எடுத்துக்கொண்டு உக்கடத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு மாட்டுக்கறிக் கடை. முன்னால் பாய் கறி வெட்டுவார், பின்பக்கம் அவர் மனைவி குடல் சுத்தம் செய்வார். "பாய், குடல் வேணுங்க. கழுவாதது. நாய்க்கு" என்றேன்.

"நாய்க்குத்தானுங்களே, செரிங்க அம்மணி. கொஞ்சம் இருங்க" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து, இரண்டு தாள் சுற்றி, மேலே ஒரு துணிப்பை போட்டு, உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாதபடி கொண்டுவந்து தந்தார். நான் பூரித்துப் போனேன்.

வீட்டில் பிரித்தால் குடல் சலவை வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கேயே நான் கையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளாகத் தலை தூக்காதவள் எழுந்து வந்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் மோந்துகூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். பசிக்குப் பாதியை அப்படியே விழுங்கினாள். அரை மணி நேரத்தில் வாயில் நுரை, வாந்தி, ஈறெல்லாம் சிவப்பு. மீதியில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீரென்று சுட்டது. சுண்ணாம்பு.

மருத்துவர் மறுபடி வந்து அவளைத் தேற்றினார். ஆனால் அன்று முழுக்க அவள் குட்டிகளைக் கிட்டேயே சேர்க்கவில்லை. மறுநாள் காலையில் இருந்ததிலேயே சின்னக் குட்டி விறைத்துக் கிடந்தது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கைகூடச் சரியாகக் கழுவாமல் மொபெட்டை எடுத்தேன். அன்றைக்கு என் வாயில் விழுந்தவர்கள் பாவம்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். "கழுவாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எதுக்குங்க பாய் சுண்ணாம்பு போட்டீங்க?" என்று கத்தினேன். நின்றவர்கள் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

பாய் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி. பெரிய ஊட்டுக்காரங்க எல்லாருமே நாய்க்குன்னுதான் கேப்பாங்க. நாங்களும் ஆமான்னுக்குவோம். சமைக்கறப்ப வாடை வந்து உங்களுக்குச் சங்கடமாயிருமேன்னு ரெண்டு தடவை சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கச் சொன்னேனுங்க. அத்தனை ஊட்டுலயும் நெசமா நாய் இருந்தா, இந்த ஊர்ல மனுசன் நடக்க முடியுங்களா?"

அப்போதுதான் விளங்கியது. மனிதர் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "பாய், நான் தின்னா தின்னேன்னு சொல்லிப்போட்டுத் தின்பேனுங்க. இது நெசமாவே நாய்க்கு! ஒம்பது குட்டி போட்டுக் கெடக்குது, மடியில பால் இல்லை!" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

பாயின் மனைவி, அந்தம்மா, பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க, குட்டி போட்டதுங்களா? எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாளுங்க."

அவர் சட்டென்று திரும்பினார். உள்ளே போய் அன்று காலையில் முதலில் அறுத்த மாட்டின் இரைப்பையை எடுத்து, சாணத்தை மட்டும் உதறி, பச்சை பச்சையாகத் துண்டு போட்டு மொபெட்டில் மாட்டியிருந்த என் தூக்குவாளியில் நிரப்பினார். "நானும் வாரேனுங்க. திங்குதான்னு எங்கண்ணுல பாக்கோணும்" என்று முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மொபெட்டில் பின்னால் ஏறிவிட்டார்.

தின்றாள். பச்சைச் சாறு தாடையில் வழிய வழிய முழுவதையும் தின்று, தரையையும் நக்கினாள். பிறகு போய்ப் படுத்துக் குட்டிகளுக்கு மடியைக் கொடுத்தாள். அந்தம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை நீட்டி எண்ணினார்.

"எட்டுத்தானுங்களே இருக்குது? ஒம்பதுன்னீங்க?"

கடையிலேயே மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லத்தான் போயிருந்தேன். இப்போது தாழ்ந்த குரலில்தான் வந்தது. "ஒண்ணு போயிருச்சுங்க. இன்னைக்குக் காலையில."

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "எங்கையால செஞ்சுபோட்டனே."

"உங்க கை மட்டும் இல்லீங்க. எங்கையில வாங்கித்தான் தின்னுச்சு" என்றேன். இருவருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன்.

அதிலிருந்து என் தூக்குவாளியை அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை. குடலைத் தொடும் முன்னால் அந்த மாட்டின் ஈரலையும் நுரையீரலையும் என் கண் முன்னால் கீறிக் காட்டுவார். நீர்க்கட்டி இருந்தால் அதிலிருந்து நாய்க்குப் புழு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும் என்று மருத்துவர் எனக்கு விளக்கியது பிற்பாடு. அந்தம்மாவின் விரலுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் மாட்டுக்கறி தின்பதாகத் தெருவில் பேச்சு கிளம்பியது. கேட்டவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து குட்டிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு கிடக்கும்.

குட்டிகளும் குடல் தின்னத் தொடங்கிய பிறகு ஒரு காலை போனேன். கடையில் அன்று அறுத்த ஒரே மாட்டின் குடல் குவிந்து கிடந்தது. அந்தம்மா என் தூக்கை வாங்கவில்லை. "இன்னைக்கு இல்லீங்க அம்மணி" என்று கீறிய ஈரலைக் காட்டினார். உள்ளே பளபளவென்று இரண்டு நீர்க்கட்டிகள். அதையெல்லாம் தெருநாய் தோண்டாதபடி ஆழமாகப் புதைப்பதற்குப் பாய் கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு கிலோமீட்டர் வந்த அலுப்பில், "குடல் நல்லாத்தானுங்களே இருக்குது, அதை மட்டும் குடுங்களேன்" என்றேன். நான், ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான்.

அந்தம்மா தூக்கை என் பக்கம் தள்ளினார். "எட்டு இருக்குதுங்க. எட்டாவே இருக்கட்டும்" என்றார்.

வெறும் தூக்கோடு துடியலூர் திரும்பினேன். அன்றைக்குத் தாய்க்கும் குட்டிகளுக்கும் ராகிக்களிதான். எட்டும் பிழைத்தன.