காட்டெலியின் குடித்தனம்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எலி வளர்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மற்ற ஆண்கள் கோழி வளர்த்தார்கள். இவரோ இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்குக் கம்பி வலை அடித்து, ஒன்றில் லயத்துச் சுண்டெலியையும் மற்றதில் மலை உச்சிக் காட்டில் பிடித்த சுண்டெலியையும் விட்டிருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடித்து வந்தால், முகம்கூடக் கழுவாமல் பெட்டிமுன் குந்திவிடுவார்.

"இந்தா புள்ள, இங்க பாரு. லயத்து எலியில நாலு தாய் ஒரே கூட்டுல குட்டி போட்டிருக்கு. யாரு குட்டிக்கும் யாரும் பால் குடுக்குது. ஆணு எங்கயோ சுத்துது. காட்டெலி அப்படியில்ல. பொட்ட தீனிக்குப் போனா, ஆணுதான் குட்டிய மூடிப் படுத்திருக்கு."

"வளந்த எடம் அப்படிங்க," என்றேன்.

விடுவாரா? கண் திறக்காத காட்டுக் குட்டிகளை லயத்துத் தாயிடம் விட்டார். அதுவும் வஞ்சகமில்லாமல் பால் கொடுத்தது. ஆனால் வளர்ந்த பிறகு அவை கூட்டத்தோடு ஒட்டவில்லை. சோடி சோடியாக மூலை பிடித்தன. குட்டி போட்டதும் ஆண் எலியே குட்டிகளைக் காத்தது. "பாத்தியா, ரத்தத்துலயே இருக்கு!" என்று குதித்தார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று காட்டெலியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று சிரித்தேன். சுவருக்குச் சுவர் காது முளைத்த லயத்தில் எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது.

நாங்கள் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டினோம், லயத்துக்கே சோறு போட்டோம், கல்யாணத்தைப் பதியவில்லை. தோட்டத்தில் அப்போது யார் பதிந்தார்கள்? குடியுரிமை இந்தியாவா இலங்கையா என்று குடும்பம் குடும்பமாக மனுப் போடும் காலம் வந்தபோது, அவர் பெயர் அவருடைய அப்பாவின் மனுவில் இந்தியாவுக்குப் போனது. என் பெயர் என் அப்பாவின் மனுவில் இலங்கைக்குப் போனது. இரண்டு மனுவும் பலித்தன. காகிதத்தில் நாங்கள் யாரோ யாரோ.

இந்தியாவுக்குப் போக அவர் ஹட்டனில் ரயிலேறியபோது எனக்கு ஐந்து மாதம். "போயி ஏற்பாடு பண்ணி உன்னயக் கூப்பிட்டுக்கிறேன்," என்றார். நம்பினேன்.

மகள் பிறந்தாள். லயத்துப் பெண்கள் மடி மாற்றி மடி வளர்த்தார்கள். அவளுக்கு ஒரு குறையுமில்லை, குறை எனக்குத்தான். கொழுந்துக் கூடையோடு திரும்பும்போதெல்லாம், பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு அவர் படுத்திருப்பார் என்று ஒரு கணம் நினைத்துவிடுவேன். அப்புறம்தான் கதவைத் தள்ளுவேன்.

அவரிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளை யார் சாயல் என்று கேட்டிருந்தார்.

மூக்கு, காது, பிடிவாதம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "வந்து பாருங்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.