அண்ணன் தப்பாகப் போட்ட அச்சு

அண்ணனின் மவுண்டன் பைக் மிதிக்கும்போது ஒரு சத்தம் போடும். வலது கால் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் 'டொக்'. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்துக்குள் அவன் திரும்பும்போதே அது கேட்டுவிடும். அம்மா எழுந்து கதவைத் திறந்து, கோப்பியை ஆற்றி வைப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எல்லாப் பையன்களுக்கும் மவுண்டன் பைக் பைத்தியம். அண்ணன் பழைய பிரேம் ஒன்று வாங்கி, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து அவனே பூட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரவாங் பக்கம் ரப்பர் காட்டுக்குள் ஓட்டப் போவான். டெங்கி காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டான். அவனுக்கு இருபத்து மூன்று வயது, எனக்குப் பத்தொன்பது.

கருமக்கிரியை முடிந்த மறுவாரம் நான் வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவள் நான். பங்சாரில் ஒரு சலவைக்கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர்கள் துக்கம் விசாரிப்பார்கள். அதற்குப் பயந்துதான் அவன் பைக்கை எடுத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் நான் இறங்குவதற்கு முன்பே கதவு திறந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு ஓர் இடத்தைப் பார்த்தார்.

"கை கால கழுவிட்டு வாய்யா, கோப்பி ஆறுது."

மேசையில் இரண்டு கப் இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் போனேன். அந்தச் சத்தம் நின்றால் அம்மா சரியாகிவிடுவார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன். கடை முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சீனர். தமிழர்களோடு வளர்ந்தவர், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அண்ணனோடு ரவாங் போகும் கூட்டாளியும் அங்கே இருந்தார். இரண்டு பெடலுக்கும் நடுவே ஓடும் அச்சைத் தவுக்கே கழற்றினார். கூடவே துருப்பிடித்த தகரச் சுருள் ஒன்று வந்து விழுந்தது. பால் டின்னை வெட்டிச் சுருட்டியது.

"பாத்தியா? பிரேம்ல அச்சு போற குழா எழுவத்தி மூணு மில்லி. ஒங்கண்ணன் போட்ட அச்சு அறுவத்தி எட்டு. நடுவுல அடைக்க பால் டின்னு! அன்னைக்கே சொன்னேன், கேட்டானா?"

"அறுவத்தி எட்டுதான் ஸ்டாண்டர்ட். பிரேம் செஞ்சவன் மேலதான் தப்பு" என்றார் கூட்டாளி.

"ஸ்டாண்டர்டா? யாரு வீட்டு ஸ்டாண்டர்ட் லா? கம்பெனிக்கு ஒண்ணு. நாளைக்கு எம்பதுன்னுவான், நீ வாயப் பொளந்துகிட்டு அதையும் வாங்குவ."

"நீங்க அதையும் விப்பீங்க லா, பாஸ்."

"விக்காம? வச்சி பூசை பண்ணவா?"

நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் செத்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. உடனே அழுகையும் வந்தது.

தவுக்கே சரியான அளவில் புது அச்சைப் போட்டுக் கொடுத்தார். சத்தம் போய்விட்டது. சந்துக்குள் நான் வந்தது எனக்கே கேட்கவில்லை. வீட்டுக் கதவு மூடியே இருந்தது. நானே திறந்துகொண்டு போனேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் எங்கடி? இன்னுமா வேல முடியல?"

அதுவரை அவன் தினமும் வந்துகொண்டிருந்தான். இப்போது வராதவன் ஆகிவிட்டான். அம்மா மத்தியானமே வாசலில் போய் நிற்கத் தொடங்கினார். சோறு தொடவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி கையைப் பிடித்து இழுத்தாலும், "புள்ள வரட்டும்" என்பார். நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

நான்காம் நாள் தவுக்கேயிடம் போய், பழைய அச்சையே போடச் சொன்னேன்.

"பைத்தியமா ஒனக்கு? நல்லத கழட்டிட்டு கெட்டத போடவா?"

"அவன் வந்துட்டான்னு அம்மாவுக்குத் தெரியணும் அங்கிள்."

அவர் பழைய இரும்புக் கூடையைக் கொட்டித் தேடினார். அச்சையும் கண்டுபிடித்தார், தகரத்தையும் கண்டுபிடித்தார். பூட்டினார், ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. தளர்த்தினார், தகரத்தைத் திருப்பி வைத்தார். மூன்று தடவை கழற்றி மாட்டியும் ஒன்றும் வரவில்லை.

"அவன் எப்பிடித்தான் மாட்டுனானோ" என்று கையைத் துடைத்தார்.

வேறு வழியில்லாமல் அப்படியே வீட்டுக்கு மிதித்தேன். சந்தில் டயர் மணலில் உரசுவது மட்டும் கேட்டது. வாசலில் அம்மா இல்லை. வீட்டுக்கு இருபது அடி இருக்கும்போது கதவு திறந்தது. அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான்கு நாள் கவலை முகத்தில் இல்லை. எனக்குப் பின்னால் பார்த்துச் சொன்னார்:

"என்னாய்யா, இன்னைக்கு சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு? எண்ணெ போடக் கூடாதா?"

எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. அம்மாவுக்குக் கேட்கிறதே. பைக்கைத் திருப்பி, தலையை அச்சுப் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, சந்து முனைவரை போய் வந்தேன். மறுபடி போனேன். வெளிச்சம் போகும்வரை மிதித்தேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.